இரண்டு அடுப்பு

மாணிக்க கங்கை எங்கள் மலையில் பிறக்கிறது. நமுனுகுலத் தொடரின் சரிவுகளில் கசிந்து, தேயிலைக்கு நடுவே ஓடையாக இறங்கி, புத்தல வயல்களைத் தாண்டி, கதிர்காமத்துக் கோயில் வாசலைத் தொட்டுவிட்டு யால காட்டுக்குள் புகுந்து கடலில் சேர்கிறது. எங்கள் லயத்துக்கு மேலே பீலியில் விழுந்த தண்ணீரும் அதில்தான் போய்ச் சேருகிறது என்பதில் அப்பாவைப் பெற்ற அப்பாயிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆடி பிறந்துவிட்டால் பீலியடியில் எச்சில் துப்ப விடமாட்டார், கறிச்சட்டி கழுவ விடமாட்டார். "நாம கழுவுற தண்ணியிலதான்டா அங்க சாமி தீர்த்தமாடுது" என்று பெரியவர்களையும் சேர்த்தே அதட்டுவார்.

வருடத்தில் ஒருமுறை, அந்தத் தண்ணீருக்குப் பின்னாலேயே நாங்களும் மலையிறங்குவோம். கதிர்காமத்தில் ஆற்றங்கரையில் சில நாள், திரும்பும் வழியில் வெல்லவாயவுக்குத் தெற்கே ஹந்தபானாகல குளக்கரையில் ஓர் இரவு. ஆற்றங்கரையில் விரதச் சோறு. குளக்கரையில் தூண்டில் போட்டு மீன் பிடித்து ஆக்கிச் சாப்பிடுவது. கதிர்காமம் போய்வந்த கதை சொல்லும் தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். மீன் கதை சாமி கதையில் சேராது என்று ஓர் எண்ணம். எங்கள் குடும்பத்தில் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. குளக்கரை அடுப்பு எரிந்தால்தான் நேர்த்தி முடிந்ததாகக் கணக்கு.

எழுபதுகளின் கடைசியிலிருந்து என் நினைவு தொடங்குகிறது. அப்பா ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோதையடியில் வேலை. அம்மா மலையில் கொழுந்து. ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை ஊவாவில் காய்ந்த கச்சான் வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் மணம் அந்தக் காற்றில்தான் ஏறுகிறது. ஆனால் அதே காற்றில் செடி துளிர்விடுவது மட்டாகிவிடும். கூடை நிறையாது. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு எடுக்கவும் கொழுந்து இருக்காது. அதனால் ஆடியில் நாலைந்து நாள் லீவு கேட்டால் தொரைமார் அவ்வளவாக மறுப்பதில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை என்பது வேறு விஷயம். தேயிலைக்கு நல்ல காலம் என்று கொழும்பில் ஏலக்காரர்கள் சொல்லும் மாதங்களில்தான் லயத்தில் கையிருப்பு குறைவாக இருக்கும். அந்த மாதங்களில்தான் எங்கள் பயணமும்.

அதனால் பயணத்துக்கான சேமிப்பு சித்திரை வருஷப் பிறப்புக்கு மறுநாளே தொடங்கிவிடும். ஒவ்வொரு நாளும் உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பழைய பால்மா டின்னில் போட்டு வைப்பார் அம்மா. லயத்தில் எங்களோடு வருகிற எல்லாக் காம்பராக்களிலும் அப்படி ஒரு டின் இருக்கும். இரவல் கேட்டு யார் வந்து நின்றாலும் அந்த டின்னிலிருந்து கொடுக்கமாட்டார்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது பிடியரிசிக்கே வழியில்லாமல் போனது. அந்த வருடம் மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் அவித்துச் சாமிக்குப் படைத்ததாக அப்பாயி சொல்வார். "கெழங்க வச்சாலும் அவன் வாங்கிக்கிட்டான்" என்பார். குறை சொல்லும் குரலில் அல்ல, நன்றியாக.

விறகு நாங்களே கொண்டுபோவோம். கவ்வாத்து வெட்டிய மலையில் காய்ந்து கிடக்கும் மிலாறு. தேயிலை விறகு புகையாமல் நின்று எரியும், கரி நெடுநேரம் கனன்று கிடக்கும். பசறையிலிருந்து வாடகை லொறி வரும். அதன் தட்டில் முதலில் மிலாறுக் கட்டு, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பழைய கம்பளி, அதன்மேல் நாங்கள். மேலே படங்கு. பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை எல்லாம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, கவிச்சி படாமல் தனிச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள்.

லொறி ஏறியதும் அமலுக்கு வரும் சட்டம் ஒன்று உண்டு. வீடு திரும்பும்வரை பெண்கள் யாரும் அடுப்பில் கை வைக்கக்கூடாது. தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து இருக்கும் வழக்கம் என்றார்கள். விரதச் சமையலுக்குச் சுத்தம் வேண்டும் என்று நினைத்த ஆண்கள் ஏற்படுத்திய கட்டுப்பாடாகத்தான் அது தொடங்கியிருக்கும், எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் அது எங்கே தொடங்கியதோ அங்கேயே நிற்கவில்லை. விடிய நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் புள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்தில் நின்று, நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கி, பொழுதுசாய வந்து மறுபடியும் அடுப்பூதும் பெண்களுக்கு வருடத்தில் அந்தச் சில நாள் மட்டும் சோறு தானாகக் கைக்கு வந்தது. அம்மா உட்கார்ந்து, மற்றவர்களோடு ஒரே நேரத்தில், கடைசிக் கவளம்வரை எழுந்திருக்காமல் சாப்பிட்டதை நான் அந்தப் பயணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

தாத்தா காலத்தில் புத்தலவரை நடந்து, அங்கிருந்து கல்கே காட்டு வழியாக அரோகரா சொல்லிக்கொண்டே போவார்களாம். இன்று அந்தப் பாதையில் கார்களை மறித்துப் பழம் கேட்கும் யானைகள் நிற்கின்றன. எங்கள் லொறி எல்ல வழி. இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வளைவு வளைவாக இறங்க இறங்கக் காற்று சூடாகும். வெல்லவாய வருவதற்குள் கம்பளிச் சட்டைகள் எல்லாம் கழன்றுவிடும். அங்கே ஓர் அரசமரத்தடியில் விடியற்காலையில் கட்டுச்சோற்றைப் பிரிப்போம். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும். சம்பலில் மாசி இருக்காது. வீட்டில் மாசி இல்லாத சம்பலைத் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கிற நான் அங்கே அதை விரல் சூப்பித் தின்றிருக்கிறேன். பிறகு தணமல்வில, வீரவில, திஸ்ஸ. குளங்களும் வயல்களுமாக அந்தத் தட்டை நிலத்தைப் பார்க்க எங்களுக்குச் சலிக்காது. நாங்கள் மலையில் பிறந்தவர்கள். கண்ணுக்கு எட்டியவரை சரிவே இல்லாத பூமியைப் பார்ப்பதே ஒரு திருவிழா.

கதிர்காமத்தில் எங்கள் இடம் ஆற்றங்கரை மருதமரத்தடி. சிங்களத்தில் கும்புக். மடங்களில் இடம் கிடைத்தாலும் அப்பா போகமாட்டார். ஆற்றங்கரையில்தான் நமக்கென்று ஓர் அடுப்பு இருக்கும். வேர்களுக்கு இடையே படங்கைக் கட்டி, கல் தேடி அடுப்புக் கூட்டி, முதலில் ஏற்றுவது சாயத்தண்ணி. அந்தக் கேத்தல் அதன்பின் அடுப்பைவிட்டு இறங்காது. தாகம் என்று யார் வந்தாலும் பச்சைத் தண்ணீர் கிடையாது, தேத்தண்ணிதான். குழந்தைகளுக்கும் அதுதான், கொஞ்சம் சீனி கூட. ஆடியில் ஆறு மெலிந்திருக்கும். மணலில் ஊற்றுத் தோண்டி, முதலில் ஊறும் கலங்கலை இறைத்து விட்டு, தெளிந்ததைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் நிரப்புவது பொடியன்களின் வேலை. அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்பதில் அப்பாயி இரும்பு. அவர் மாமியாரின் தங்கை இந்த ஆற்றங்கரையில் வாந்திபேதியில் போனவராம். வெறும் வீட்டுக்கதை இல்லை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதிர்காமக் கூட்டத்தில் கொலரா வந்து வந்து அடித்ததால் ஆங்கில அரசு யாத்திரைக்கே கட்டுப்பாடு போட்டது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப் இந்தத் திருவிழாக் கூட்டத்தை மேற்பார்த்ததைப் பற்றி எழுதியும் இருக்கிறார். கூட்டத்தில் பெரும்பகுதி எங்களைப் போல இந்தியாவிலிருந்து வந்த வம்சத்து ஆட்கள். அந்தப் பயம் எங்கள் அடுப்பில் ஒரு கேத்தலாகத் தங்கிவிட்டது. தோட்டத்தில் கொடுத்த தூளை அவ்வளவு தாராளமாக நாங்கள் வேறெங்கும் குடித்ததில்லை.

அப்பாவின் கூட்டாஞ்சோறு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பிடியரிசி டின்கள் எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் கொட்டினால் அங்கே பல நிற அரிசி குவியும். ஒரு வீட்டில் சிவப்பரிசி, இன்னொரு வீட்டில் சம்பா, வேறொன்றில் கூட்டுறவுக் கடையில் வாங்கிய பச்சரிசி. மூன்று மாதமாக எந்தெந்த அரிசி கிடைத்ததோ எல்லாம். கலந்து அப்படியே உலையில் போட்டால் பச்சரிசி கஞ்சியாகும்போது சிவப்பரிசி பல்லில் படும். அதனால் டின்களை மொத்தமாகக் கொட்டவிடாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். சிவப்பரிசி டின்களை முதலில் வாங்கிக் களைந்து ஊறப்போடுவார். அண்டாவில் தண்ணீர் தளதளத்ததும் அதை இறக்குவார். இரண்டு கொதி வந்ததும் ஓர் அரிசியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கிப் பார்ப்பார். நடுவில் வெள்ளைப் புள்ளி சுருங்கியிருந்தால் சம்பா. மறுபடி கொதி, மறுபடி ஓர் அரிசி. பச்சரிசி கடைசியில், பருப்போடும் பூசணித் துண்டோடும் போகும். ஸ்டோரில் கொழுந்து எவ்வளவு நேரம் அரைபட வேண்டும் என்று கையால் தொட்டுச் சொல்லிப் பழகியவர் அவர். அந்தப் பொறுமை அப்படியே அண்டாவுக்கு வந்தது. ஒருவர் வீட்டரிசிகூட வீணாகக்கூடாது, ஒருவர் வீட்டரிசிகூடத் தனியாகத் தெரியவும் கூடாது. இதில் அவர் மிகக் கண்டிப்பு. கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, நெருப்பை வெளியே இழுத்துவிட்டு, மூடிமேல் தணலை அள்ளி வைப்பார். யாரும் நெருங்கக்கூடாது. மிலாறுத் தணலில் அந்தச் சோறு அடங்கும் வாசனைக்குப் பக்கத்து அடுப்புக்காரர்களும் தட்டோடு வருவார்கள். மட்டக்களப்பிலிருந்து நடந்தே வந்த சாமிமார், மாத்தறைப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள். யாருக்கும் இல்லையென்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

ஆற்றில் மீன் உண்டு. கூட்டங்கூட்டமாக வரும். முழங்கால் தண்ணீரில் நின்று பொரியைத் தூவினால் காலை மொய்க்கும். அவற்றை யாரும் பிடிப்பதில்லை, எங்கள் பாட்டன் பூட்டன் யாரும் பிடித்ததில்லை. ஆனால் அந்தப் பொரி போடும் நேரத்தில் மாமா ஒருவர் என் காதருகே குனிந்து, "ரெண்டு நாள் பொறுடா" என்று சொல்வார். விரதத்துக்கு இடையில் மீன் பேச்சு எடுத்ததற்காக அப்பாயி அவரை முறைப்பார்.

திருவிழாவை நிறைவு செய்யும் நீர்வெட்டு முடிந்த காலையில் ஆற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு கிளம்புவோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கும். கடைத்தெருவில் ஒரு புது மண்சட்டி வாங்குவது. விரதத்துக்குப் புழங்கிய பாத்திரத்தில் மீன் ஆக்கக்கூடாது. மீனுக்கென்று ஒவ்வொரு வருடமும் ஒரு புதுச் சட்டி கதிர்காமத்தில் வாங்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோன பின் அடுத்த ஆடிவரை அதுதான் எங்கள் மீன்சட்டி. கடைக்காரர் முன்னால் சட்டியைக் காதருகே வைத்து விரல்கணுவால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால்தான் அப்பா காசை எடுப்பார். அர்ச்சனைத் தேங்காயை மீன்குழம்புக்குத் தொடக்கூடாது என்று இன்னொரு சட்டம். அது ரொட்டிக்கும் சம்பலுக்கும். குழம்புத் தேங்காயைத் தனியாக வாங்குவோம். திஸ்ஸப் பக்கத்தில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். அதை வழியிலேயே மதியத்துக்குள் தின்று முடித்துவிட வேண்டும், தயிரும் மீனும் ஒரு வேளையில் வயிற்றில் சேரக்கூடாது. காலியான தயிர்ச் சட்டிகள் குளக்கரையில் பொரியல் வைக்கும் தட்டுகளாகும்.

வெல்லவாயவுக்குச் சற்று முன்னால் பெருந்தெருவை விட்டு லொறி உள்ளே திரும்பும். மரங்களுக்கு ஊடே திடீரென்று தண்ணீர் விரியும், அதன் பின்னால் தொலைவில் எங்கள் மலைகள். வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வீட்டுக்குப் போகாமல் இன்னும் ஓர் இரவு. அம்மாவுக்கு இந்த இடம்தான் பிடிக்கும். சாமி கும்பிட்டபோது இல்லாத ஒரு தெளிவு அவர் முகத்தில் இங்கே வரும்.

தூண்டில் எங்கள் குடும்பத்தில் அம்மாவுடையது. ஆண்கள் அடுப்புக் கூட்டுவதில் மும்முரமாகிவிட, பெண்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்து போடுவார்கள். லயத்துக்குப் பின்னால் வெட்டிய மூங்கில் கழி, தங்கூசி, பதுளைக் கடையில் வாங்கிய முள். மிதப்புக்கு மயிலிறகின் நடுத்தண்டில் ஒரு துண்டு. இரைக்கு மண்புழு, அது தீர்ந்தால் காலை ரொட்டியைப் பிசைந்த உருண்டை. அம்மா கழியைக் கையில் பிடிக்கமாட்டார். மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தங்கூசியை மட்டும் சுட்டுவிரல் நுனியில் தொங்கவிட்டுக்கொள்வார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிக் கிள்ளி அந்த விரல்நுனியில் கறை ஏறி, தோல் வெடித்து, கோடு கோடாக இருக்கும். ஆனால் அந்த விரலுக்குத்தான் செடியில் எது கொழுந்து, எது வங்கி என்று பார்க்காமலே தெரியும். திலாப்பியா கொத்தும்போது மிதப்பு அசைவதற்கு முன்னால் அம்மாவின் மணிக்கட்டு அசைந்திருக்கும். ஒரே சுண்டு. வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு கரையில் விழும். "ஏங்க, சட்டிய பழக்கியாச்சா?" என்று திரும்பாமலே கேட்பார்.

1984 வரைக்கும் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாள்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருடம் நாடு முழுக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான் இரண்டும் ஒன்றாயின. அதற்கடுத்த பயணத்துக்கு லொறிப் பணம் பிரித்தபோது, அம்மாவும் அத்தைமாரும் சேர்ந்து தங்கள் கையால் ஒரு பங்கு போட்டார்கள். போட்டுவிட்டு, குளக்கரையில் ஒரு ராத்திரிக்குப் பதிலாக இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்றார்கள். ஆண்கள் கொஞ்சம் முனகினார்கள். இரண்டு ராத்திரி தங்கினோம்.

தூண்டிலில் விழுவது எப்போதும் போதாது. அதற்கு மேல் வேண்டியதை ஒரு மீன்காரர் கொடுப்பார். வலைபோட்டு ஓருப் படகில் திரும்பும் சிங்களத்துக்காரர். அப்பாவை அய்யே என்பார், அப்பா அவரை மல்லி என்பார், அண்ணன் தம்பிபோல. காசு பேசியதில்லை. எங்கள் தேயிலைத் தூளுக்கு அவர் மீன். பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய் ஒரு நிமிடம் கண்மூடி நிற்பார். ஆடி மாதத்து ஊவாத் தூள் அவருக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்களுக்கு அவர் விரால் எந்தச் சந்தையிலும் கிடைக்காது. 1990இல் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை அரசு நிறுத்திக்கொண்டது. உயிர் வதைக்கும் தொழிலுக்கு அரசு துணைபோகக்கூடாது என்று பௌத்தத் தரப்பு கேட்டதன் விளைவு. குளங்களில் குஞ்சு விடுவதும் நின்றது. 1994இல்தான் மறுபடி தொடங்கியது. நடுவிலிருந்த ஆடி ஒன்றில் அவர் வலையை உதறிக் காட்டினார். உள்ளங்கை அளவு மீன்கள் சில. திலாப்பியாவே 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து நம் குளங்களில் விட்ட மீன்தான். விட்டு வளர்த்தால்தான் குளத்துக்காரர்களுக்குப் பிழைப்பு. அன்று அவர் தூளை வாங்க மறுத்தார். அப்பா அதை அவர் ஓருவுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

குழம்பைச் சொல்கிறேன். புதுச் சட்டியை முதலில் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆறியதும் தேங்காய்ச் சக்கையால் உட்புறம் தேய்த்துப் பழக்க வேண்டும். குளத்து மீனுக்குச் சேற்று வாடை உண்டு. செதில் எடுத்ததும் அடுப்புச் சாம்பலைத் தேய்த்து வழுவழுப்பை எடுத்து, பிறகு உப்பும் தேசிக்காயும் தேய்த்து அரைமணி நேரம் வைத்தால் போய்விடும். கொறக்காப்புளியை வெந்நீரில் ஊறப்போட்டு, மிளகு, உள்ளியோடு அம்மியில் அரைக்க வேண்டும். அம்மி ஏது? தட்டைக் கல்லொன்று அப்பாவுக்கு எப்படியும் கிடைத்துவிடும். அரைத்ததை மீனில் பூசி, சட்டியின் அடியில் ரம்பையும் கறிவேப்பிலையும் பரப்பி, மேலே மீனை அடுக்கி, வறுத்த கறித்தூள், இரண்டாம் பால். கரண்டி போடக்கூடாது. துணியால் சட்டியின் காதுகளைப் பிடித்து வட்டமாக ஒரு சுழற்று, அவ்வளவுதான். கெட்டிப்பால் கடைசியில், ஒரே ஒரு கொதி. அது இறங்கும்போது இருட்டியிருக்கும். குளத்தின் அக்கரையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் சத்தம் கேட்கும். அதனால் நெருப்பை அணைய விடமாட்டோம்.

முதல் மீனை நாங்கள் சாப்பிடுவதில்லை. பொரித்த திலாப்பியா ஒன்றை இலையில் வைத்து, பக்கத்தில் ஒரு சுருட்டும் வைத்து, அப்பாயி மரத்தடிக்குக் கொண்டுபோவார். முனிக்கு. தோட்டத்தில் எங்களுக்கு ஸ்டோருக்கு ரோதமுனி, கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி என்று வேலைக்கொரு காவல் உண்டு. வழிக்கும் ஒரு காவல் வேண்டுமல்லவா? மேலே இருக்கும் சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல், கூடவே நடந்து வந்த சாமிக்கு மீன். ஒருமுறை படித்த மாமா ஒருவர், கதிர்காமக் கந்தனைக் கும்பிட்ட கையோடு இது என்ன என்று கேட்டார். "பெரியவரு மலைமேல இருப்பாரு. ராவுல ஆனைய வெரட்டுனது யாரு?" என்றார் அப்பாயி. நான் இதுவரை கேட்ட சமய விளக்கங்களில் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்தது அது.

காதருகே குனிந்து ரகசியம் சொன்ன மாமா 1981இல் இந்தியா போய்விட்டார். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர் குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம், பிறகு நீலகிரி. போவதற்கு முந்தைய ஆடியில் கூட்டாஞ்சோற்றில் அவர் வீட்டு டின் இரண்டு மடங்கு இருந்தது. அடுத்த ஆடியில் அப்பா அண்டாவுக்குப் பதில் சின்னப் பானை ஏற்றினார். கோத்தகிரியிலிருந்து மாமா எழுதினார்: ஆடிப்பெருக்குக்கு மேட்டுப்பாளையம் இறங்கி பவானிக் கரையில் சோறாக்கினார்களாம், அவர்தான் ஆக்கினாராம், அத்தையை அடுப்புப் பக்கம் விடவில்லையாம். அந்தக் கடிதத்தை அம்மா வெகுநாள் பெட்டியில் வைத்திருந்தார்.

1983 ஆடிக் கலவரத்தில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. லயத்தில் சேர்த்த பிடியரிசியை, காட்டுக்குள் ஒளிந்திருந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். 1988, 89 கிளர்ச்சிக் காலத்தில் தெற்கே எந்தப் பாதையிலும் இரவில் லொறி ஓட்ட ஆளில்லை. 2008 ஜனவரியில் புத்தலவுக்குப் பக்கத்தில் பஸ்ஸில் போன ஏழைச் சனம் குண்டில் செத்த பிறகு, எங்களைப் போன்ற பெயர்களை அடையாள அட்டையில் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போக யோசித்தார்கள். போகாத வருடங்களில் அப்பாயி ஆடி வெள்ளியில் பீலியடியில் கற்பூரம் கொளுத்திவிட்டு, "தண்ணி போகுதுல்ல, சொல்லிரும்" என்பார். அவர் போனதும் ஓர் ஆடியில்தான்.

இப்போது வேன். பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்கிறார்கள். விடிய வந்து, கும்பிட்டு, பொழுதுசாயத் திரும்பிவிடலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. நான் அதற்கு விட்டுக்கொடுப்பதாயில்லை. பிடியரிசி இல்லை, அரிசி கடையில்தான். ஆனால் சிவப்பு, சம்பா, பச்சை என்று மூன்றும் வாங்கி, மூன்றையும் வெவ்வேறு கொதியில்தான் போடுகிறேன். என் மகன் இரண்டு வருடமாக அரிசி நசுக்கிப் பார்க்கப் பழகியிருக்கிறான், மகள் முதலில் தூண்டில் கற்றுக்கொண்டு பிறகு அடுப்புக்கு வந்தாள். வீட்டிலும் ஆண்கள் சமைத்தால் அந்தப் பழைய சட்டத்துக்கு வேலையே இல்லை என்று அவள் சொல்கிறாள். சரிதான். மட்டக்களப்பிலிருந்து வந்த மருமகள் கொறக்காவை ஒப்புக்கொள்ளவில்லை, பழப்புளிதான் என்கிறார். இந்த வருடம் இரண்டு சட்டி வாங்குகிறோம்.

குளக்கரையில் இரவு தங்குவதுதான் சிக்கலாகியிருக்கிறது. யானைக்குப் பயந்து வேன்காரர்கள் மாட்டேன் என்கிறார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர்களை வற்புறுத்த எனக்கும் மனமில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் மடங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற வயது அவருக்கு.

"ராத்திரி எதுக்குடா? மீனு விடியக்காலதான் நல்லா கடிக்கும்" என்றார். வெல்லவாயவில் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறேன். வேன்காரரை நாலரைக்கு வரச் சொல்லியாகிவிட்டது.